மவுண்டன் பைக்கில் கேபிள் லொடலொடப்பு: கண்டுபிடித்து அடக்க முழு வழிகாட்டி

கல்லும் வேருமாகக் கிடக்கும் இறக்கத்தில் சைக்கிளை விட்டதும், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல ஃபிரேமுக்குள்ளிருந்து சத்தம் வரும். பழி உடனே கேபிள் மேல் விழும். பல நேரம் அது உண்மையும்தான். ஆனால் ஃபோர்க்கை (முன் சக்கரத்தைத் தாங்கும் கவட்டை) கழற்றி, ஃபோம் சொருகி, ஒரு நாள் முழுக்க மெனக்கெட்ட பிறகும் அதே சத்தம் வந்தால், ஆடியது பிரேக் பேடு என்று அப்போதுதான் தெரியும். ஸ்பானரைத் தொடுவதற்கு முன் காதுக்கு வேலை கொடுங்கள்.

கேபிள் ஏன் சத்தம் போடுகிறது என்பது எளிய கணக்கு. கியர் கேபிளின் அவுட்டர், அதாவது உள் ஒயரை மூடும் உறை, 4 மி.மீ. தடிமன். ஹைட்ராலிக் பிரேக் ஹோஸ் (பிரேக் திரவம் ஓடும் குழாய்) சுமார் 5 மி.மீ. இவை ஓடும் டவுன் டியூபின் (முன்னாலிருந்து பெடல் பக்கம் சாய்வாக இறங்கும் தடித்த குழாய்) உள் அகலமோ இவற்றைப் போலப் பத்து மடங்கு. மேலே ஹெட் டியூப் (ஃபிரேமின் முன்முனைக் குட்டைக் குழாய்) பக்கம் ஒரு துளை, கீழே கிராங்க் (பெடல் கை) பக்கம் ஒரு துளை, நடுவில் 60 முதல் 70 செ.மீ. வரை எந்தப் பிடிமானமும் இல்லை. சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போது கேபிள் ஊஞ்சலாடி உள் சுவரில் அடிக்கிறது. சுவர் மெல்லிய அலுமினியமோ கார்பனோ. அது மேளத் தோல் மாதிரி அந்த அடியைப் பெரிதாக்குகிறது. தீர்வும் இரண்டே வழிதான். கேபிள் ஆடாதபடி இரு முனையிலும் பிடித்து வைக்கலாம், அல்லது ஆடினாலும் மெத்தையில் படும்படி செய்யலாம். நல்ல வேலை என்பது பெரும்பாலும் இரண்டும் சேர்ந்ததுதான்.

முதலில்: உண்மையிலேயே கேபிள்தானா?

சைக்கிளை நிமிர்த்திப் பிடித்து, முன் சக்கரத்தை 10 முதல் 15 செ.மீ. உயரம் தூக்கித் தரையில் விடுங்கள். பிறகு பின் சக்கரம். சத்தம் முன்பக்கமா பின்பக்கமா என்பது இதிலேயே ஓரளவு பிடிபடும். அடுத்து கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக விலக்குங்கள்.

செயின் சந்தேகமானால் குவிக் லிங்க்கை (செயினைப் பிரிக்கும் இணைப்பு) திறந்து செயினையே கழற்றி வையுங்கள். வழக்கமாகச் சத்தம் வரும் அந்த இறக்கத்தில் பெடல் மிதிக்காமல் உருண்டு இறங்கிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி செயின்தான். டிரெய்லரின் (derailleur, செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பின் கியர் பகுதி) கிளட்ச் சுவிட்ச் போட்டிருக்கிறதா, செயின் ஸ்டே (கிராங்கிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்) மேல் ரப்பர் காப்பு தேய்ந்துவிட்டதா என்று பார்த்தால் போதும், கேபிளைத் தொட வேண்டாம்.

மேடு பள்ளத்தில் போகும்போது பிரேக் லிவரில் ஒரு விரலை லேசாக வைத்து அழுத்தியதும் சத்தம் நின்றால், அது பேடு. வெப்பத்தை வெளியேற்ற மேலே உலோகத் துடுப்பு வைத்த பேடுகள் இதில் பேர் போனவை. பேடுகளைப் பிரித்து வைக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது குறுக்கே போகும் ஊசி (pin) லூசாக இருக்கலாம்.

சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் ரிம்முக்குள் ஏதோ உருள்வது கேட்கிறதா? டியூப்லெஸ் சீலன்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டை அடைக்கும் திரவம்) காய்ந்து உருண்டையாகியிருக்கும். ஆழமான ரிம் என்றால் வால்வு தண்டு துளையில் ஆடும். தண்டைச் சுற்றி ஒரு சுற்று டேப் போதும். பாட்டில் கூண்டின் திருகு, சீட்டுக்கடியில் தொங்கும் டூல் பை, ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) ஆட்டம் ஆகியவற்றை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இவ்வளவும் கடந்த பிறகு கேபிளுக்கான சோதனை. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் முஷ்டிப் பக்கத்தால் டவுன் டியூபின் அடிப்பக்கத்தில் ஒரு தட்டு. ‘டப்’ என்று ஒரே அடியாக முடிந்தால் உள்ளே அமைதி. ‘டப்-டிரிரிக்’ என்று வால் நீண்டால் கேபிள் சுவரில் துள்ளுகிறது. இப்போது ஹெட் டியூப் பக்கத்துத் துளைக்கருகில் ஒரு கேபிளை மட்டும் விரலால் பிடித்து லேசாக வெளியே இழுத்துக்கொண்டு மறுபடி தட்டுங்கள். எந்தக் கேபிளை இழுக்கும்போது வால் சத்தம் அறுகிறதோ, அதில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் சிக்கும். கியர், பின் பிரேக், டிராப்பர் (ஏறி இறங்கும் சீட் போஸ்ட்) என மூன்று கேபிள்களையும் பிரிக்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

ஹேண்டில்பார் முன்னால் தொங்குவது

கேபிள் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் ஹெட் டியூபிலும் ஒன்றோடொன்றும் மோதும். புது சைக்கிள்களில் இது சகஜம், எல்லா ஹேண்டில்பாருக்கும் பொருந்தட்டும் என்று தாராளமாக விட்டிருப்பார்கள். சரியான நீளம் தெரிய, ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுக்கத் திருப்புங்கள். எந்தப் பக்கம் கேபிள் அதிகம் இழுபடுகிறதோ அந்த நிலையில் 2 முதல் 3 செ.மீ. தளர்வு மிஞ்ச வேண்டும். அதற்கு மேல் இருப்பதெல்லாம் உபரி.

வெட்டுவதற்கு முன் ஒரு எளிய வழி: கேபிள்கள் குறுக்கிடும் இடத்தில், ஹெட் டியூபுக்கு 5 முதல் 8 செ.மீ. முன்னால், இரண்டையும் கவ்வும் சிறிய பிளாஸ்டிக் கிளிப் ஒன்று போடுங்கள். தனித்தனியாக ஆடிய இரண்டும் சேர்ந்து விறைப்பாகிவிடும். வலப்பக்க லிவரின் கேபிளை இடப்பக்கத் துளைக்கும், இடப்பக்கத்தை வலத்துக்கும் மாற்றி விட்டால் வளைவு பெரிதாகி, ஹெட் டியூபில் உரசுவதும் குறையும். ஹெட் டியூபில் படும் இடத்தில் ஒட்டுகிற தெளிவான காப்பு டேப், அல்லது வெல்குரோவின் மிருதுவான பக்கத்தில் ஒரு துண்டு.

கியர் அவுட்டரை வெட்டினால் கேபிள் கட்டரால் மட்டும் வெட்டுங்கள். சாதாரண கட்டிங் பிளேயர் முனையை நசுக்கிவிடும். வெட்டிய பின் உள் பிளாஸ்டிக் குழாயை ஊசியால் திறந்து, முனையை அரத்தால் சமமாக்கி, தொப்பி மாட்ட வேண்டும். கம்பியால் இயங்கும் பிரேக் என்றால் இன்னொன்றும் உண்டு. பிரேக் அவுட்டர் சுருள் கம்பியால் ஆனது, கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. கையில் மிஞ்சிய கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்தத்தில் பிளந்துவிடும். சத்தம் நிறுத்தப் போய் பிரேக்கை இழக்க வேண்டாம்.

துளைகளில் பிடிப்பு

பல ஃபிரேம்களில் கேபிள் நுழையும் துளையில் திருகு வைத்த மூடி இருக்கும். திருகை முறுக்கினால் மூடி கேபிளைக் கவ்வும். சத்தத்தைக் குறைக்கும் மிக மலிவான வழி இதுதான், செய்பவர்கள் குறைவு. கீழ்த் துளையின் மூடியை முதலில் இறுக்குங்கள். மேல் துளையில் மூடியைத் தளர்த்தி, கேபிளை வெளியே இழுத்து விறைப்பாக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். தட்டிப் பாருங்கள். சத்தம் குறையவில்லை என்றால் எதிர்மாறாகச் செய்யுங்கள்: 1 முதல் 2 செ.மீ. கேபிளை உள்ளே தள்ளி இறுக்குங்கள். கேபிள் வில் போல வளைந்து டியூபின் சுவரில் சாய்ந்து அழுந்தி நிற்கும். அவுட்டரும் ஹோஸும் தாமே விறைப்பானவை என்பதால் இரண்டாவது வழி பல ஃபிரேம்களில் முதலாவதை விட நன்றாக வேலை செய்யும். எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, தட்டித்தான் பார்க்க வேண்டும்.

மூடியில் திருகு இல்லை, வெறும் ரப்பர் குரோமெட் (துளை வளையம்) மட்டும் என்றால், துளைக்குள் மறையும் இடத்தில் கேபிளுக்கு இரண்டு மூன்று சுற்று எலக்ட்ரிக்கல் டேப் அல்லது ரப்பர் டேப் சுற்றித் தடிமனாக்குங்கள். குரோமெட் அதன் மேல் இறுக்கமாக உட்காரும். இறுக்குவதில் ஆவேசம் கூடாது. ஹைட்ராலிக் ஹோஸ் நசுங்கும் அளவுக்கு மூடியை முறுக்கினால், பிறகு லிவரை விட்டாலும் பிரேக் மெதுவாகத்தான் விடுபடும்.

ஃபோம் குழாய்: நிரந்தர வழி

டவுன் டியூபுக்குள் ஓடும் கேபிளுக்குச் சட்டை போடுவது போன்ற வேலை. உள் விட்டம் 5 முதல் 6 மி.மீ., வெளி விட்டம் 10 முதல் 13 மி.மீ. உள்ள, நீர் உறிஞ்சாத மூடிய கண்ணறை ஃபோம் வாங்குங்கள். பஞ்சு போல நீரை உறிஞ்சும் ரகம் வேண்டாம். ஒருமுறை நனைந்தால் ஃபிரேமுக்குள் ஈரத்தைத் தேக்கி வைக்கும், இரும்பு ஃபிரேம் என்றால் துருவுக்கு அழைப்பிதழ். ஒரு கேபிளுக்கு 60 முதல் 70 செ.மீ.; மூன்றுக்குமாக 2 மீட்டர் கைவசம் இருக்கட்டும். சில கார்பன் ஃபிரேம்களில் கேபிள் ஓட உள்ளேயே குழாய் வார்த்திருப்பார்கள். ஒரு துளையில் விட்ட ஒயர் தானாக மறு துளையில் எட்டிப் பார்த்தால் அந்த ரகம். அதற்கு ஃபோம் தேவையில்லை, நுழையவும் நுழையாது.

முதலில் ஒவ்வொரு துளையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் மேல் துளைக்குள் நுழையும் புள்ளியிலும் கீழ்த் துளையில் வெளிவரும் புள்ளியிலும் டேப்பால் அடையாளம் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள நீளத்தில் இரு பக்கமும் 2 செ.மீ. கழித்து ஃபோமை வெட்டுங்கள். முழு நீளத்துக்கு வெட்டினால் துளையில் முட்டிச் சுருங்கும்.

கியர் கேபிள் என்றால், மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றி இழுவிசையைக் குறைத்து, டிரெய்லரில் ஒயரைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, ஒயர் முனைத் தொப்பியை வெட்டி, ஒயரை ஷிஃப்டர் (கியர் மாற்றும் லிவர்) பக்கமாக உருவுங்கள். பிரிந்து விரிந்த ஒயரைத் திரும்ப நுழைப்பது தலைவலி. புது ஒயர் ஒன்றை முன்பே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

இனி கஷ்டமான பகுதி. சட்டை போட்ட கேபிள் சாதாரணத் துளையில் நுழையாது. துளையை டிரில்லால் பெரிதாக்கும் யோசனை வந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், ஃபிரேமில் விரிசல் தொடங்க அந்த ஒரு வேலை போதும். பெரிய வாசல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஃபோர்க்கைக் கழற்றினால் பல ஃபிரேம்களில் ஹெட் டியூபுக்குள்ளிருந்து டவுன் டியூபுக்கு அகலமான வழி தெரியும். ஷிஃப்டரிலிருந்து விடுபட்ட அவுட்டரின் முனையை மேல் துளை வழியாக உள்ளே இழுத்து, ஹெட் டியூபின் அடிவாய் வழியாக வெளியே எடுங்கள். கீழ்ப்பக்கம் அப்படியே இருக்கட்டும். அவுட்டரை முழுக்க வெளியே உருவினால் திரும்ப வழி கண்டுபிடிக்கக் காந்த ஒயர் வேண்டியிருக்கும். இப்போது ஃபோமை மேலிருந்து மாட்டி டவுன் டியூபுக்குள் தள்ளிக்கொண்டே போகலாம்.

காய்ந்த ஃபோம் அவுட்டரைப் பிடித்துக்கொண்டு நகராது. ஈரக் கையில் முழுக்கை சட்டை மாட்டுவது போல மடிப்பு மடிப்பாகச் சுருண்டு நிற்கும். வம்பாகத் தள்ளினால் கிழியும். அவுட்டரின் வெட்டு முனையை ஒரு சுற்று டேப்பால் மழுக்குங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அவுட்டரை ஈரமாகத் துடைத்து, ஃபோம் வாயிலும் இரண்டு சொட்டு விட்டு, பத்துப் பத்து செ.மீ. ஆக நீவித் தள்ளுங்கள். ஈரம் இருக்கும் வரை வழுக்கும், ஆவியானதும் அப்படியே பிடித்துக்கொள்ளும். எண்ணெயோ கிரீஸோ தடவினால் அது எப்போதும் வழுக்கும். சில பயணங்களில் ஃபோம் முழுவதும் கீழே இறங்கி கிராங்க் பக்கம் குவிந்துகிடக்கும். இடத்தில் வந்து உட்கார்ந்ததும் மேல் முனையில் ஃபோமையும் அவுட்டரையும் சேர்த்து ஒரு சுற்று டேப். பிறகு அவுட்டர் முனையை மேல் துளைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

ஹெட் டியூபில் வழி இல்லாத ஃபிரேமில் இதையே கிராங்க் பக்கமிருந்து செய்யலாம். மரை வைத்த பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சின் பேரிங் தொகுப்பு) என்றால், செயின் பக்கத்துக் கப் எதிர்மரை: கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். அழுத்திப் பொருத்திய ரகத்தைக் கழற்றும்போது பேரிங் கெடும் வாய்ப்பு உண்டு, இந்தச் சத்தத்துக்காக மட்டும் அதைத் தொடாதீர்கள்.

ஹைட்ராலிக் ஹோஸில் கணக்கு மாறும். ஃபோம் ஏற்ற லிவர் முனையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் திரும்பப் பொருத்தப் ஹோஸ் முனையைக் கசியாமல் பிடிக்கும் புது ஆலிவ் வளையமும் புது இன்சர்ட்டும் தேவை, காற்றை வெளியேற்றும் ப்ளீடிங்கும் செய்தாக வேண்டும். ஷிமானோ பிரேக்கில் ஹோஸ் நட்டுக்கு 8 மி.மீ. ஸ்பானர், முறுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர், உள்ளே மினரல் ஆயில். ஸ்ராம் பிரேக்குகளில் பல டாட் (DOT) பிரேக் திரவத்தில் ஓடுகின்றன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் சீல்கள் நாசம். டாட் திரவம் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீரால் துடையுங்கள், பெயின்டைத் தின்றுவிடும். ப்ளீடிங் செய்து பழக்கமில்லை என்றால் ஃபோமை நீளவாக்கில் கீறி ஹோஸைச் சுற்றி மூடி, 10 செ.மீ. இடைவெளியில் டேப் சுற்றுவது ஒரு சமாளிப்பு. கீறல் நாளடைவில் வாய் திறக்கும். ஆனாலும் பிரேக்கைப் பாழாக்குவதைவிட மேல். அடுத்த முறை பிரேக்கை எப்படியும் ப்ளீட் செய்யும்போது முழுக் குழாயாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஒயர்லெஸ் கியர் போட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: பின் பிரேக் ஹோஸ் அங்கேயேதான் இருக்கிறது. துணைக்கு வேறு கேபிள் இல்லாமல், அகலமான டியூபுக்குள் தனியாக இன்னும் சுதந்திரமாக ஆடும்.

கீழே வரும் இடத்தில் ஒரு முக்கியமான சோதனை. கிராங்க் அச்சு சுழலும் கூட்டுக்குள் கேபிள் தொட்டுக்கொண்டு ஓடக்கூடாது. தொட்டால் முதலில் சன்னமாக உரசும் சத்தம், பிறகு ஹோஸ் தேய்ந்து ஓட்டை, பின் பிரேக் கைவிடும். ஃபோம் அச்சுக்கு முன்பே முடிய வேண்டும்; அதற்கப்பால் கேபிளைச் சுவரோரமாக ஒதுக்குங்கள். கூட்டின் அடியில் நீர் வடியும் சிறு துளை இருந்தால் ஃபோம் அதை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோம் நுழையாத இடத்தில் ஜிப் டை

பார்க்க அலங்கோலம், உள்ளே இருப்பதால் யாரும் பார்க்கப்போவதில்லை. 2.5 மி.மீ. அகலமுள்ள மெல்லிய ஜிப் டைகளை எடுங்கள். கேபிள் மேல் ஒரே இடத்தில் மூன்று, தலைகள் மூன்று திசையில் சம இடைவெளியில் இருக்கும்படி கட்டுங்கள். வாலை வெட்டாதீர்கள். 5 செ.மீ. அளவுக்கு மிஞ்சிய அந்த வால்கள்தான் மீன் முள் போல மூன்று பக்கமும் சுவரில் ஊன்றி கேபிளை நடுவில் நிறுத்துகின்றன. மேல் துளையிலிருந்து 10 செ.மீ. தள்ளி முதல் கட்டு, அப்புறம் 15 செ.மீ.க்கு ஒன்று. நான்கைந்து கட்டு, 12 முதல் 15 டை.

கேபிள் போகும் திசைக்கு எதிராக வால்களைப் பின்னோக்கி மடக்கி நுழையுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: பின்னால் கேபிளை வந்த வழியே இழுத்தால் வால்கள் எதிர்த்து நின்று சிக்கும். எப்போதும் நுழைந்த திசையிலேயே தொடர்ந்து இழுத்து வெளியே எடுங்கள். தடித்த, விறைப்பான டைகளைப் போட்டால் அவற்றின் வாலே சுவரில் ‘டிக் டிக்’ என்று தட்டும்.

இரண்டு மூன்று கேபிள்கள் ஒரே டியூபில் ஓடினால், இரண்டு மூன்று இடத்தில் சேர்த்து டேப் சுற்றிக் கட்டுவதும் நல்ல பலன் தரும்.

பின் சஸ்பென்ஷன், டிராப்பர் போஸ்ட்

பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் பிவட்டை (ஃபிரேமின் பின்பகுதி மடங்கும் மூட்டு) தாண்டும் இடத்தில் விறைப்பு கூடாது. ஷாக்கின் காற்றை முழுக்க இறக்கி, பின் சக்கரத்தை அடி வரை அழுத்தி, மறுபடி முழுக்க விரித்து, கேபிளின் வளையம் எப்படி நகர்கிறது என்று கண்ணால் பாருங்கள். எந்த நிலையில் அதிகம் இழுபடுகிறதோ அதற்குப் போதுமான நீளம் விட்டு, பிவட்டின் இரு பக்கமும் சற்றுத் தள்ளி ஃபிரேமோடு பிடித்துக் கட்டுங்கள். குறைவாக விட்டால் ஒவ்வொரு குழியிலும் கேபிள் இழுபட்டு கியர் தானாகத் தாவும். வளையம் ஃபிரேமில் உரசும் இடத்தில் காப்பு டேப் கட்டாயம். மண் கலந்த கேபிள் உப்புத்தாள் போலப் பெயின்டைத் தாண்டி உலோகத்தையும் அரிக்கும்.

டிராப்பர் போஸ்ட்டின் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: போஸ்டை உள்ளே இறக்கும்போது மிஞ்சிய அவுட்டர் வெளியே வராமல் கிராங்க் அருகே சுருண்டுகொள்வது. போஸ்டை ஒரு கையால் இறக்க, மறு கை ஹெட் டியூப் துளையில் அவுட்டரை அதே வேகத்தில் இழுக்க வேண்டும். சீட் உயரத்தை முடிவு செய்த பிறகுதான் துளை மூடியை இறுக்க வேண்டும். டவுன் டியூபுக்குள் ஃபோம் போடலாம். சீட் டியூபுக்குள் வேண்டாம், போஸ்டின் அடிமுனை அதில் இடிக்கும்.

மோட்டார் வைத்த சைக்கிளில் டவுன் டியூபுக்குள் மின் ஒயர்களும் ஓடுகின்றன. மோட்டாரை இறக்கி ஏற்றும்போது ஒயர் நசுங்காமல் பாருங்கள். நம்பிக்கை இல்லையென்றால் துளை மூடி இறுக்குவதோடு நிறுத்துங்கள்.

பழைய ஃபிரேமில் மேல் டியூப் மேலே திறந்த கம்பியாக ஓடும் கேபிளுக்கு இத்தனை பாடு வேண்டாம். கம்பியில் மூன்று சிறு ரப்பர் வளையங்களைக் கோத்துச் சம இடைவெளியில் விட்டால் முடிந்தது.

மாட்டிய பிறகு

ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். துளையிலிருந்து கேபிள் நகரக்கூடாது. அவுட்டரின் இருப்பு மாறியிருப்பதால் கியர் சற்று விலகியிருக்கும், ஷிஃப்டரிலோ டிரெய்லரிலோ உள்ள சரிசெய்யும் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிச் சரி செய்யுங்கள். ஹோஸைத் தொட்டிருந்தால் பிரேக் லிவரைப் பலமாக அழுத்தி அரை நிமிடம் பிடித்திருங்கள். லிவர் மெல்ல உள்ளே இறங்கினாலோ நட்டின் ஓரம் ஈரம் கசிந்தாலோ ஓட்டக்கூடாது. டிராப்பர் ஏறி இறங்கும் வேகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பிறகு முதலில் தட்டிய அதே இடத்தில் முஷ்டியால் ஒரு தட்டு. வால் சத்தம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் செயின் ஸ்டே பக்கம் தட்டிப் பாருங்கள்: அங்கேயும் 30 முதல் 40 செ.மீ. கேபிள் உள்ளே ஓடுகிறது, அதற்கும் ஒரு துண்டு ஃபோம் தேவைப்படலாம். சில பயணங்களுக்குப் பிறகு சத்தம் மெல்லத் திரும்பினால் எதையும் பிரிக்காதீர்கள். துளை மூடியின் திருகு தளர்ந்திருக்கும். கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் மறுபடி இறுக்குங்கள்.